நாற்பத்தோரு மரங்களுக்கு ஒரு வைரம்

நோம்பத்தின் நிலத்தில் நாற்பத்தோரு சந்தன மரங்கள் இருந்தன. எண்ணெய் ஊறிய உள்கட்டையான வைரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது மரம் விட்டு மரம் போய்க்கொண்டிருந்தது. எரோமாங்கோ தீவின் மேற்குக் கரையில் ஏழு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஒரே மண்ணில் ஒரே வயதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டில் ஒன்று எண்ணெயாய் மணக்கும், மற்றது வெறும் விறகாய் நிற்கும். காட்டுச் சந்தனத்தின் குணமே அதுதான். ஆனால் ஊரில் மற்றவர்களுடைய வைரம் இருந்த மரத்திலேயே இருந்தது. ஒரு முறை வனத்துறை அதிகாரி துளைக்கருவியோடு வந்து, நோம்பத்தின் மரங்களைப் பென்சில் பருமனுக்குக் குடைந்து பார்த்து, பதினேழாம் மரத்தில் எண்ணெய் நூற்றுக்கு ஆறு பங்கு என்றார். மறுநாள் அதே மரம் தேங்காய்ப் பருப்பாய் வெளுத்திருந்தது. இயற்கையான வேறுபாடு என்று எழுதிவிட்டுக் கப்பலேறினார். பாவம், வேறென்ன எழுதுவார்.

கடல் சரியில்லை என்று நாலு பேர் சொல்லியும் நோம்பத் படகை எடுத்த அன்றுதான் கதை கெட்டது. படகு கவிழ்ந்தது. கூட ஏறியிருந்த கிழக்குக் கரைக்காரன் யோமோத், கல்யாணமாகாத பையன், தண்ணீரோடு போனான். தீவில் அதற்கு முறை உண்டு. போன ஆளுக்குப் பதில் ஆள், அந்த வீட்டுப் பிள்ளையாகவே வளர. நோம்பத்துக்கு இருந்தது ஒரே பெண், ஏழு வயது எமீமா. யோமோத்தின் தாய் தீர்சா இரக்கமுள்ளவள். ஒரு பிள்ளையைப் பிரிக்க மனசு வராமல், இன்னொரு வழியும் சொல்லியனுப்பினாள். என் மகன் வைரம் பாய்ந்த உடம்புக்காரன். வைரம் பாய்ந்த சந்தனம் ஒன்று வந்தால் போதும், பிள்ளை வேண்டாம் என்றாள். ஒன்பது நாள் தவணை.

நோம்பத் சரி என்று தலையாட்டிய நிமிஷத்திலிருந்து அவன் மனைவி கேத்தூராள் அவனோடு பேசவில்லை. அவன் ஆற்றோரம் போனால் இவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். அவன் மேடேறினால் இவள் ஆற்றோரத்து மர நிழலுக்கு இறங்கினாள். “உன் கண்ணுல அவள காட்ட மாட்டேன். படகோட்டத் தெரியாதவனுக்குப் பிள்ளைய எடுத்துக் குடுக்க மட்டும் தெரியுதோ?” என்று ஒரே ஒரு தடவை கத்தினாள்.

அவன் மரம் மரமாய்ப் பட்டையைச் செதுக்கிப் பார்த்தான். எல்லாம் வெளுப்பு. வைரம் கத்தியைக் கண்டு ஓடுகிறது என்று ஊரே நம்பியது. எனவே கத்தியை வாழை இலையில் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, சும்மா உலாவப் போகிறவன் போலப் போனான். மணம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. அவன் ஓடிப் போய்ச் சேருவதற்குள் அது வேறு பக்கம் மணந்தது. எட்டாம் நாள் முடிவில் நாற்பத்தோரு மரமும் காயத்தோடு நின்றன. நோம்பத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். படகு கவிழ்ந்த நாளில்கூட அவன் அழவில்லை.

ஒன்பதாம் நாள் பன்றிகளும் பாய்களும் கைமாறின, எல்லோரும் காவா வேர்ச்சாறு குடித்தார்கள், எமீமா கிழக்கே போனாள். கேத்தூராளை நாலு பெண்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தீர்சா வீட்டு முற்றத்தில் ஒரு சந்தனம் உண்டு. முப்பது வருஷமாய் வெத்து மரம், துணி காயப்போட மட்டும் லாயக்கு. எமீமா வந்த நாள் முதல் அதில் சாய்ந்துதான் இருந்தாள். மூன்றாம் வாரம் கிழக்குக் கரை முழுக்க மணந்தது. தீர்சா பட்டையைக் கொஞ்சம் செதுக்கினாள். உள்ளே கருஞ்சிவப்பு, கை வைத்தால் ஒட்டியது. மரத்தைப் பார்த்தாள், சாய்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். மேற்கே சொல்வதுபோல் வைரம் கத்திக்குப் பயந்து ஓடவில்லை, இவள் பின்னால் நடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. சங்கதியைச் சொல்லி மேற்குக்கு ஆள் அனுப்பினாள்.

நோம்பத்தும் கேத்தூராளும் மலை தாண்டி வந்து சேர்ந்தபோது, யோமோத்தின் அண்ணன் ரம்பத்தோடு மரத்தடியில் நின்றான். பிள்ளை சாய்ந்திருக்கும்போதே அறுத்துவிட்டால் வைரம் எங்கே போகும் என்பது அவன் யோசனை. அறுத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கேத்தூராள் ஓடிப் போய் மகளை இழுக்க, அண்ணன் குறுக்கே நின்றான். ரம்பத்தின் பல் பட்டையில் பட்டது. எமீமா இருமினாள்.

தீர்சா எழுந்தாள். வேலியோரத்து நமேலே ஓலையை முறித்து வந்து மரத்தில் கட்டினாள். அந்த ஓலை கட்டிய பொருளைத் தலைவரே ஆனாலும் தொடமாட்டார். அண்ணன் ரம்பத்தைக் கீழே போட்டான்.

“மரம் வந்தா பிள்ளைய விடுறேன்னு சொன்னேன். மரம் வந்திருச்சு. கூட்டிட்டுப் போ,” என்றாள் கேத்தூராளிடம்.

“இவ போனா அதுவும் போயிரும் பெரியம்மா,” என்றாள் கேத்தூராள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் சொன்னாள்.

“போகட்டும். எம் மவன் போனப்ப எனக்கு எதையும் விட்டுட்டுப் போகல. இவ மட்டும் எதுக்கு விட்டுட்டுப் போகணும்?”

எமீமா மேற்கே நடந்தாள். பாதையோரச் சந்தன மரங்கள் அவள் கடக்கும்போது ஒவ்வொன்றாய் மணந்து அடங்கின. மறுநாள் தீர்சாவின் மரம் வெளுத்துப் போயிருந்தது. அவள் அதில் துணி காயப்போட்டாள்.

அடுத்த வருஷம் கிழங்கு தோண்டும் காலத்தில் கேத்தூராள், யாரும் கேட்காமலே, மகளைக் கிழக்கே கொண்டுபோய் விட்டாள். அதற்கடுத்த வருஷமும் விட்டாள். எமீமா இருக்கிற மூன்று வாரமும் முற்றத்து மரம் எண்ணெயாய் மணக்கும். தீர்சா அவளை மடியில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள், துணிகளை வேலியில் காயப்போடுவாள்.