ஃபார்மலினில் போட்ட சதை

பாட்டிலைத் திறந்ததுமே வாடை மூக்கைத் துளைத்தது. ஆஸ்பத்திரி லேபில் கிருமிகளை வளர்த்து இன்னது என்று கண்டுபிடிக்கும் டாக்டர் அவள். ஃபார்மலின் வாடை தெரியாதா? சொந்தத் தம்பியின் நுரையீரலில் கிள்ளியெடுத்த சதை, ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல் அதற்குள் கிடந்தது.

போட்டவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். அதே ஆஸ்பத்திரியில் பெரிய நெஞ்சு டாக்டர். காலையில் கிளம்பும்போதுகூடச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"என்னங்க, பாதியை உப்புத் தண்ணியில போட்டு என்கிட்ட அனுப்புங்க. மறந்துடாதீங்க."

"சரி சரி, எனக்கே பாடம் எடுக்காதே."

அந்தச் 'சரி'யை நம்பினாள் பாருங்கள், அவளைச் சொல்ல வேண்டும்!

தம்பி செடி விற்கிறவன். பொழுதெல்லாம் மட்கிய உரத்தைக் கிளறிக்கொண்டிருப்பான், போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. காய்ச்சல் விடவில்லை, இருமினால் ரத்தம், எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்ததும் அத்தான்காரர் புற்றுநோய் என்று முடிவே கட்டிவிட்டார். உரத்திலிருந்து தொற்றிய பூஞ்சையாக இருக்கலாம் என்று அவள் சொன்னதற்கு, "உனக்குப் பாக்கிறதெல்லாம் பூஞ்சைதான்" என்று சிரித்தார். புற்றுநோயைப் பார்க்க ஃபார்மலின் போதும், சதை கெடாது. ஆனால் அதில் விழுந்த கிருமி செத்தது செத்ததுதான். அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை வளர்க்க முடியாது. நெஞ்சு டாக்டருக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். மனைவி சொன்னதைச் செய்ய மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் மனசு கேட்காமல் ஒரு துண்டைக் கழுவி வளர்க்கப் போட்டாள். ஒன்றும் முளைக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களோ பூஞ்சைதான் என்று சொல்லிவிட்டார்கள். இழைகள் ஒடிந்து நொறுங்கிக் கிடந்ததால் எந்த வகை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. ஒரு வகையென்றால் பூஞ்சைக்கான மாத்திரையிலேயே அடங்கும். இன்னொன்றை அந்த மாத்திரை அசைக்காது. அதற்கு நரம்பில் ஏற்றும் மருந்து வேண்டும், அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மறுபடி சதை எடுக்கலாமென்றால், முதல் தடவையே ரத்தம் கொட்டி ஆளைச் சாய்த்திருந்தது. இரண்டு வகையையும் அடிக்கும் அந்தப் பொல்லாத மருந்தையே ஏற்றினார்கள். ஏற்றச் சொன்னவளும் அவள்தான். வேறென்ன செய்வாள்?

காய்ச்சல் இறங்கியது, இருமல் நின்றது. சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. கடையைப் பூட்டிவிட்டு டயாலிசிஸ் மிஷினே கதியென்று ஆனான் தம்பி.

"மாப்பிள்ளை மட்டும் இல்லேன்னா என் பிள்ளை இன்னைக்கு இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள் அம்மா. "நீயும்தான் டாக்டர்னு இருக்கே. உன் லேபுல ஒண்ணுமே வரலையாமே?"

"விடுங்க அத்தை, சில நேரம் வராது. அவ என்ன பண்ணுவா?" என்றார் புருஷன்.

பெருந்தன்மையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கு அத்தான் என்றால் உயிர். அத்தான் வந்து தோளைத் தட்டினால்தான் ஊசிக்கே கையை நீட்டுவான். படுத்துக் கிடக்கிறவனிடமிருந்து அந்தத் தெம்பையும் பிடுங்குவானேன் என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

சிறுநீரகம் தருகிறேன் என்று அவளே முன்வந்தாள். பொருந்தியது. அவள், தம்பி, புருஷன் மூவரும் சிறுநீரக டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தார்கள். தம்பி முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு.

"அக்காவோடது நல்லாவே பொருந்துது. ஆனா ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "மாத்தி வெச்சா, உடம்போட எதிர்ப்பு சக்தியை அடக்க மருந்து குடுத்தாகணும். பழைய பூஞ்சை கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் திரும்பத் தலை தூக்கும். வகை தெரிஞ்சா, அதுக்குத் தோதான மாத்திரையைக் காவலுக்குப் போட்டுட்டு தைரியமா செய்யலாம். என்ன வகை அது?"

புருஷன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"அக்கா லேபுல வளரலைங்க டாக்டர்" என்றான் தம்பி. "பாவம், அக்காவும் எவ்வளவோ பார்த்தா."

"அது எப்படிடா வளரும்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அத்தான் மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டார். பாதியை எனக்குக் குடுங்கன்னு கெஞ்சியும் போட்டார். வகை தெரிஞ்சிருந்தா மாத்திரையே போதுமா இருந்திருக்கலாம். உன் கிட்னியும் தப்பிச்சிருக்கலாம்."

"இங்க வெச்சா இதைப் பேசுவே?" என்று சீறினார் புருஷன்.

"வேற எங்க வெச்சுப் பேசணும்? சொல்லுங்க!"

தம்பி அத்தானைப் பார்த்தான். "நிஜமாவா அத்தான்?"

"அப்போ அது புற்றுநோய்னுதான் நான்..." அவர் முடிக்கவில்லை.

தம்பி மெதுவாக அக்கா பக்கம் திரும்பினான். "உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அவரை நம்பி இத்தனை நாள் கையை நீட்டிக்கிட்டு இருந்தேனே, பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"



"வகை தெரியாம இப்போதைக்கு நான் கை வைக்க முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா, யார் முகத்தையும் பார்க்காமல்.

தம்பி நாற்காலியைப் பிடித்து எழுந்தான். மிஷினுக்குப் போகும் நேரமாகியிருந்தது. அவள் பதறி எழுந்து வழக்கம்போல் அவன் பையை எடுத்தாள். அவன் அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நீயும் வர வேணாம்க்கா" என்றான்.