மவுன்சி வீட்டு ஆடுகளுக்குக் காது கிடையாது

இங்கிலாந்தில் பழைய குடும்பம் என்று சொல்லத் தகுந்தவை இரண்டே இரண்டு. ஒன்று அரச குடும்பம். இன்னொன்று, கெல்டேல் பள்ளத்தாக்கின் மேற்குச் சரிவில் ஆடு வளர்க்கும் மவுன்சி குடும்பம். அரச குடும்பம் கடல் கடந்து வந்து சேர்ந்தது என்பதால், கறாராகப் பார்த்தால் ஒன்றுதான்.

இது என் அப்பா அமோஸ் மவுன்சியின் தீர்ப்பு. அவர் இதைச் சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களும் சிரிக்க மாட்டார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவர் முகத்துக்கு நேரே சிரிப்பது மரியாதைக் குறைவு. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டும்.

எங்கள் மூதாதை காலேப் மவுன்சி, கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கிடாவையும் ஒரு கத்தரியையும் கொண்டு இந்தச் சரிவுக்கு வந்தவர். அடுத்த இலையுதிர்காலத்துக்குள் அவரிடம் ஒரு மந்தை இருந்தது. "உழைப்புடா, உழைப்பு!" என்று அப்பா மேசையைத் தட்டுவார். நானும் அந்த உழைப்பைச் சிறுவயதிலிருந்தே பயபக்தியோடு கேட்டு வளர்ந்தவன். கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் தர்க்கம் படித்த பிறகும் எனக்கு அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. கல்லூரியின் தரம் அப்படி.

எங்கள் மலையில் வேலி இல்லை. எல்லா வீட்டு ஆடும் ஒன்றாகத்தான் மேயும். எது யாருடையது என்பது காதில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு வெட்டு. பக்கத்துப் பண்ணை ஃபியரன் வீட்டாருக்கு இடக்காது நுனியில் ஒரு பிளவு. சிலருக்கு ஓரத்தில் ஒரு கொத்து. எங்களுக்கு இரண்டு காதும் அடியோடு கிடையாது.

"மத்தவன் காதுல கிறுக்குறான். நாம முடிச்சே விட்டுடுறோம்" என்பார் அப்பா. "மலையுச்சியில நின்னு பார்த்தாலும் தெரியும், மவுன்சி ஆடுன்னு."

வசந்தத்தில் குட்டிகளுக்குக் காது வெட்டும் நாளில் எங்கள் பெருமை உச்சத்தைத் தொடும். அன்று காலையில் ஜோன்டி ஃபியரன் அழைக்காமலே வந்து எங்கள் படலுக்கு வெளியே நிற்பார். தொப்பி கையில் இருக்கும். கடைசிக் குட்டி வரை பார்த்துவிட்டுத்தான் போவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நின்றாராம். தாத்தாவும். நிற்கும்போது அவருடைய உதடுகள் மெல்ல அசையும். எங்கள் குட்டிகள் நல்லபடியாக வளர வேண்டும் என்று ஜபிக்கிறார் என்பது அப்பாவின் கணிப்பு. ஃபியரன் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர் என்பதால் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டோம்.

"பாரு, கூப்பிடாத வீட்டு வாசல்ல தொப்பியக் கழட்டிக்கிட்டு நிக்கிறான்" என்று அப்பா என் காதில் சொல்வார். "பெரிய குடும்பத்துக்குச் சின்னக் குடும்பம் காட்டுற மரியாதை. மவுன்சி எவனாச்சும் அடுத்தவன் வாசல்ல இப்படி நின்னிருக்கானா? நிக்க மாட்டான். முதுகு வளையாது."

நான் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்த அந்த வருடம் மலையின் ஆட்டு நடுவர் இறந்துபோனார். யாருடையது என்று தெரியாத ஆடு வந்தால் காதைத் தடவிப் பார்த்து இன்னாருடையது என்று சொல்பவர் நடுவர். அவர் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. மலையிலேயே நாணயமான ஆள் என்று எல்லோரும் சேர்ந்து ஒருவரைப் பார்த்துச் சொல்வதற்கு எங்களிடம் வேறு வழியும் கிடையாது. அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள்: ஃபியரன், அப்பா. அதுவரை எந்த மவுன்சியும் நடுவராக இருந்ததில்லை.

அப்பா தூக்கத்திலும் அதையே பேசினார். "மந்திரி வேலை குடுத்தாலும் வேணாம்டா. இது மட்டும் கெடச்சாப் போதும். மவுன்சி கை பட்டா நியாயம்னு நாலு பேரு சொல்லணும்."

இலையுதிர்கால மந்தைக் கூட்டம் எப்போதும் போல் 'கறுப்புக் கிடா' பப்பின் பின்கட்டில் நடந்தது. வழி தவறிய ஆடுகளை எல்லோரும் ஓட்டிவந்து ஒரு பட்டியில் அடைப்பார்கள். அவரவர் ஆட்டை அவரவர் அடையாளம் சொல்லிக் கொண்டுபோக வேண்டும். பிறகு உள்ளே ஆட்டுக்கறிச் சூப், கறி அடைத்த ரொட்டி, பீர். அதன்பின் நடுவர் தேர்வு.

கணவாய்க்கு அப்பாலிருந்து அந்த முறை ஹெஸ்டர் டோல்சன் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய பெண்மணி. வழக்கமாக வரும் அண்ணன் படுத்துவிட்டதால் இவரே நாயோடு நடந்து வந்திருந்தார். எங்கள் பள்ளத்தாக்கின் பழக்கவழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. அதாவது, மனதில் பட்டதை வாயால் சொல்லிவிடுவார்.

பட்டியில் நின்ற ஒரு பெட்டையாட்டைத் தடியால் சுட்டினார்.

"இது எவன் ஆடு?"

"என்னுது" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஐயோ பாவம். நாய் கடிச்சிருச்சா?"

"நாயா? அது எங்க குடும்ப வெட்டு."

ஹெஸ்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ரெண்டு காதுமா?"

"ரெண்டும்தான். காலேப் மவுன்சி காலத்துலேர்ந்து."

"காலேப்பா!" கிழவியின் முகம் தொலைந்த உறவுக்காரனைக் கண்டதுபோல் மலர்ந்தது. "எங்க ஊர்லேர்ந்து விடியிறதுக்குள்ள காணாமப் போனானே, அந்தக் காலேப்பா? இங்கதான் வந்து சேர்ந்தானா! எங்க வீட்டுல இன்னும் பேசுவாங்க. அவன் ஓட்டிட்டு வந்த கிடாகூட எங்க டோல்சன் வீட்டுதுதான்."

அப்பா சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் தேடித் திரும்பினார். பட்டியைச் சுற்றி நின்ற அத்தனை ஆண்களும் தங்கள் காலணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன பேச்சு இது?" என்றார் அப்பா.

"கோவிச்சுக்காத தம்பி. எங்க பக்கத்துல ரெண்டு காதையும் அடியோட அறுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. அறுத்துட்டா, முன்னாடி அதுல யாரு வெட்டு இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப? அது திருடன் வெட்டு. பால்குடி மறக்காத புள்ளைக்கும் தெரியும்." சுற்றிலும் பார்த்தார். "ஏன், இங்க தெரியாதா?"

ஒரு ஆடு இருமியது.

என் தலைக்குள் ஏதோ கழன்று விழுந்தது. ஒரே ஒரு கிடா. பெட்டையே இல்லாமல் ஒற்றைக் கிடா எப்படி மந்தையாகும்? எவ்வளவு உழைத்தாலும்தான் எப்படி ஆகும்? இதை நான் நாலு பக்கத்துக்குக் குடும்ப வரலாறாக எழுதி, விருந்தில் வாசிப்பதற்காகக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். கை தானாகப் போய்ப் பையை அமுக்கிக்கொண்டது.

அப்பா ஃபியரனிடம் போனார். "ஜோன்டி, இந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லு."

ஃபியரன் வானத்தைப் பார்த்தார். "சாயங்காலம் மழை வரும்போல இருக்கு."

"ஜோன்டி."

"மேற்கே கறுத்துக் கெடக்கு, பாரு."

"நீ எதுக்கு வருசா வருசம் என் வாசல்ல வந்து நிக்கிற?"

ஃபியரன் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் அத்தனை வருடங்களாக எதுவுமே சொல்லாமல் இருந்திருக்கிறார். "எங்கப்பா போகச் சொன்னாரு" என்றார்.

"அவரு எதுக்கு வந்தாரு?"

"அவரோட அப்பா போகச் சொன்னாரு."

"ஜபம் பண்ணுவியே. உதடு அசையுமே."

ஃபியரனின் கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல மேலே ஏறியது. தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எண்ணுவேன், அமோஸ்."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கு முதலில் புரிந்தது. வசந்தத்தில் எங்கள் குட்டி எத்தனைக்குக் காது போனது என்று தெரிந்தால்தான், இலையுதிர்காலத்தில் காதில்லாத ஆடுகள் கூடிவிட்டனவா என்று பார்க்க முடியும். தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு நடந்தது மரியாதை அல்ல, காவல். பிறகு அப்பாவுக்கும் புரிந்தது. ஒரு ஆளின் முகத்திலிருந்து ரத்தம் முழுதும் வடிவதை அன்றுதான் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் போலாகிவிட்டது.

"ஒரு தடவையாச்சும்…" அப்பா பட்டியின் கம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவையாச்சும் கூடியிருக்கா?"

"உன் காலத்துல இல்ல" என்றார் ஃபியரன் அவசரமாக. "உங்கப்பா காலத்துலயும் இல்ல. சத்தியமா."

"எங்க தாத்தா?"

"சூப் ஆறுது, அமோஸ். உள்ள போவோம்."

உள்ளே போனோம். சூப்பின் ருசியைப் பற்றி அன்று பேசியது போல் எங்கள் பள்ளத்தாக்கு என்றும் பேசியதில்லை. மிளகு சரியாக இருக்கிறது என்றார் ஒருவர். போன வருடத்தைவிடத் தேவலை என்றார் இன்னொருவர். அப்பா கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வரலாறு வாசிக்கவில்லையா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அதுவரை வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

பப்காரர் பெர்சி எழுந்து தொண்டையைச் செருமினார். நடுவர் தேர்வு என்றார். அப்பா மேசையில் கை ஊன்றி எழ முயன்றார். விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான், எனக்குத் தெரியும். அதற்குள் ஃபியரன் எழுந்துவிட்டார்.

"என் பேர எடுத்துடுங்க. அமோஸே இருக்கட்டும்."

அறையில் இருந்த கைகள் எல்லாம் உயர்ந்தன. ஒன்றுகூடத் தயங்கவில்லை. எங்கள் மலையின் வரலாற்றில் எதிர்ப்பே இல்லாமல் நடுவரானவர் அப்பா மட்டும்தான். உயிரோடு இருக்கிற மனிதருக்கு ஊரே எழுந்து நின்று துக்கம் விசாரித்தது போல் இருந்தது. எல்லோரும் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். யாரும் கண்ணைப் பார்க்கவில்லை.

ஓட்டுரிமை இல்லாத ஹெஸ்டர், கறி ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ஊர்ல மரியாதைக்கு ஒரு அளவே கெடையாதா?"

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே தொழுவத்துக்குப் போய்விட்டார். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் இதே பள்ளத்தாக்கில் பிறந்தவள்தான். நடந்ததைச் சொன்னேன். கத்தி நின்றது, பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கியது.

"சொல்லிட்டாங்களா" என்றாள்.

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நான் கெளம்பும்போது எங்கப்பா என் ரெண்டு காதையும் தொட்டுப் பார்த்துட்டு, 'அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரும்போதும் இருக்கணும்'னு சொல்லித்தான் அனுப்பினாரு."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்ட?"

"உங்கப்பா நல்லா நடனம் ஆடுவாரு."

"அம்மா!"

"என்னடா பண்ணச் சொல்ற? அவரு ஒரு பொய் சொன்னதில்ல, அடுத்தவன் ஆடு ஒண்ணு கூடக் கொண்டுவந்ததில்ல. அந்த மனுசன்கிட்ட போய் உன் பாட்டன் திருடன்னு எந்த வாயால சொல்றது? நீ சொல்லுவியா?"

நான் கல்லூரியில் எல்லோரையும் கிண்டல் செய்து கட்டுரை எழுதுகிறவன். நான் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். மழை வரும்போல இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

குளிர்காலம் முழுவதும் அப்பா அரச குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வழக்குகள் வந்தன. காதைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு காதுக்கு அவ்வளவு நேரம் எந்த நடுவரும் எடுத்ததில்லை என்றார்கள். தீர்ப்பை எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அவருக்கு அதுவே போதாமல் இருந்தது. "தப்பாச் சொல்லியிருந்தாலும் சரின்னுதானே சொல்லியிருப்பானுங்க" என்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது ஒருநாள் அடுப்பிடம் சொன்னார்.

வெட்டை மாற்றிவிடலாமே என்று கேட்டேன். வெட்டு பண்ணைக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை என்றார். "அதோட, இப்ப மாத்தினா என்ன அர்த்தம்? மறைச்சிட்டான்னு அர்த்தம்."

வசந்த விடுமுறைக்கு வந்தபோது காது வெட்டும் நாள். குட்டிகளைப் பட்டிக்குள் அடைத்தோம். அப்பா கத்தரியைத் தீட்டினார். வாசலில் யாரும் இல்லை. மறுபடி தீட்டினார். அம்மா தேநீர் கொண்டுவந்தாள், அதையும் குடித்தார். ஃபியரன் பண்ணையின் புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது. வீட்டில்தான் இருந்தார்.

"ஆரம்பிக்கலாமாப்பா?"

"அவன் வரல."

"வர மாட்டாரு. வெளிப்படையா ஆயிடுச்சுல்ல. நடுவர் வீட்டுல வந்து எப்படி எண்ணுவாரு? உங்கள அவமானப்படுத்துற மாதிரி இருக்கும்னு நெனச்சிருப்பாரு."

"யாருமே பார்க்காம நான் காதறுக்கணுமா?" என்றார் அப்பா. அதில் கோபம் இல்லை. மலைமேல் வழி தவறிய ஆள் கேட்பது போல் இருந்தது. "இலையுதிர்காலத்துல ஒருத்தனுக்கு ஒரு ஆடு கொறஞ்சா, அவன் யாரப் பார்ப்பான்? வாயத் தெறக்க மாட்டான்டா. சூப்பு நல்லாருக்குன்னு சொல்லுவான்."

கத்தரியைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார். கூட வராதே என்று சொல்லவில்லை என்பதால் ஃபியரன் பண்ணைச் சுவர் வரைக்கும் போனேன்.

ஃபியரன் முற்றத்தில் டிராக்டருக்கு அடியில் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அப்பா அவருடைய படலுக்கு வெளியே நின்றார். மெல்லத் தூற ஆரம்பித்தது. நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுக் குரைக்காமல் போய்ப் படுத்தது.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.