எந்த வாடிப்பட்டி?

எங்கள் கல்லூரியில் பெண்கள் கபடி அணி ஒன்று இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்தான் அதிசயம். மூன்று வருடமாக விடிந்தும் விடியாமலும் மைதானத்தில் முட்டியைத் தேய்த்திருக்கிறோம். வெளியே போய் ஒரே ஒரு போட்டி ஆடியதில்லை. முதல் வருடம், பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாளை எங்கள் பி.டி. சார் மறந்துவிட்டார். இரண்டாம் வருடம், ஆண்கள் போட்டித் தேதியைப் பெண்கள் தேதி என்று சொல்லி அனுப்பினார். போய் இறங்கினால் அத்தனை பேரும் மீசை வைத்த ஆட்கள்! உடற்கல்வி இயக்குநர் சிவபாண்டி என்று அறைக் கதவில் பித்தளைப் பலகை மட்டும் பளபளவென்று தொங்கும். வயிறு எரியுமா எரியாதா?

நான் முனீஸ்வரி, அணியின் கேப்டன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், கொஞ்சமெல்லாம் இல்லை. ருமானா எங்கள் ரைடர். மூச்சைப் பிடித்துக் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருகிறவள் அவள்தான். மற்ற நேரத்தில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவளுக்கு. இரண்டு பேருக்கும் இது கடைசி வருடம். காலிறுதிக்குப் போகும் அணிகளிலிருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதில் ருமானா சேர்ந்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மேலே படிக்கலாம். இல்லையென்றால் படிப்பு இத்தோடு சரி. அவளை எப்படியாவது ஆட வைத்துவிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

“போட்டி எந்த ஊர்ல சார்?”

“வாடிப்பட்டிதான், இந்தா இருக்கு. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வாரேன்.”

வாடிப்பட்டி என்றால் மதுரைக்காரர்களுக்குத் திண்டுக்கல் ரோட்டில் இருக்கிற வாடிப்பட்டிதான். பக்கத்து ஊருக்கு என்ன அவசரம் என்று நிதானமாக இட்லி தின்றுவிட்டுத்தான் கல்லூரி வேனில் கிளம்பினோம். போய்ப் பார்த்தால் மைதானத்தில் ஆடு மேய்கிறது. கம்பு நடவில்லை, கோடு போடவில்லை, ஒரு குஞ்சு குருமானைக் காணோம். எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் ஓடினேன்.

“அண்ணே, காலேஜ் கபடி எங்கண்ணே நடக்குது?”

“கபடியா? நீங்க எந்த வாடிப்பட்டியக் கேக்குறீக?”

“எந்த வாடிப்பட்டின்னா? ஊருக்குள்ள எத்தன இருக்கு?”

“தேவதானப்பட்டிக்கு அங்கிட்டு ஒரு வாடிப்பட்டி இருக்குல்லத்தா, தேனி மாவட்டத்துல. அங்கனதான் கபடின்னு நோட்டீஸ் பாத்தேன்.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சாருக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. போட்டி நடத்துகிற கனகா மேடத்தின் நம்பரை, ‘இந்தா மாப்ள’ என்று ருமானா தேடி எடுத்துக் கொடுத்தாள்.

“பத்து மணிக்கு ஒங்க ஆட்டம். எதிர் டீம் வந்து வார்ம்அப் பண்ணிக்கிட்டு இருக்கு” என்றார் மேடம். “பதினொண்ணு வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேல ஆடாமலே அவங்க ஜெயிச்சதா அறிவிச்சிருவேன்மா.”

அப்போதே மணி பத்து!

“அண்ணே, விடுங்கண்ணே!” என்று டிரைவர் வெள்ளைத்துரை அண்ணன் காதுக்குள் கத்தினேன்.

“ஏத்தா, இது வேனு. ராக்கெட்டு இல்ல” என்றார். ஆனால் விட்டார் பாருங்கள், அப்படி விட்டார்! கொடைரோடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பின்சீட்டில் துண்டைத் திரையாகக் கட்டி ஒவ்வொருத்தியாக ஜெர்சி மாற்றினோம். ஒரு குலுக்கலில் இரண்டாம் வருடத்து ஹாஜரா என் மடியில் வந்து விழுந்தாள். “அல்லா! ஆடுறதுக்கு முன்னாடியே அவுட்டா?” என்று அவளே சிரித்தாள். நிலக்கோட்டையில் பூ மூட்டை இறக்கிக்கொண்டு ஒரு லாரி ரோட்டை அடைத்து நின்றது. நான் குதித்து இறங்கினேன். நான் போட்ட கூப்பாட்டில் லாரிக்காரர் பூ மூட்டையோடு வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

போய் இறங்கும்போது கனகா மேடம் மைக்கைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்.

“மேடம், வந்துட்டோம்! வந்துட்டோம்!”

“வாங்க, வாங்க. ஒங்க மேனேஜர் எங்க?”

அங்கேதான் அடுத்த இடி. கூட வர வேண்டிய ஆசிரியர் மைதானத்தில் இல்லாமல் பெண்கள் அணி ஆடக் கூடாது. அது விதி, நல்ல விதியும்கூட. ‘பின்னாடியே வாரேன்’ என்ற மனிதர்தான் எங்களுக்கு மேனேஜர்.

மேடம் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டார். எங்கள் போனை எடுக்காதவர் மேடத்தின் போனை முதல் மணியிலேயே எடுத்தார். மேடத்தின் இன்னொரு கையில் மைக் ஆன் செய்தபடி இருந்தது. போன் பேச்சு முழுக்க மைதானத்துக்கே கேட்டது.

“வணக்கம் மேடம்! நான் மைதானத்துலதான் நிக்கிறேன். பிள்ளைகளத்தான் இன்னும் காணோம்!”

அவர் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம். யாரோ ஒருவர், “பந்திக்கு வாங்க, பந்திக்கு வாங்க” என்கிறார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிரணிப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் நின்றுகொண்டு என்ன துணிச்சல்!

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு, “அப்ப நீங்க இங்கதான் இருக்கீங்க, அப்படித்தானே சார்?” என்றார்.

“இங்கதான் மேடம், இங்கதான்!”

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “மேனேஜர் மைதானத்துலதான் இருக்கேன்னு அவரே அத்தன பேர் காது கேக்கச் சொல்லிட்டாரு. நான் நம்புறேன், ஆடுங்க. ஆனா பின்னாடி பல்கலைக்கழகத்துல இது பொய்னு தெரிஞ்சா, ஜெயிச்சாலும் செல்லாது. பாத்துக்கங்க.”

அவருடைய பொய்யே எங்களுக்கு நுழைவுச் சீட்டு ஆகிவிட்டது! தரையைத் தொட்டுக் கும்பிட்டுக் களத்தில் இறங்கினோம். மூன்று வருட ஆத்திரமும் கை கால்களில் இறங்கி நின்றது. ருமானா முதல் முறை பாடிப் போனதுமே ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நான் ஒருத்தியை இடுப்போடு அமுக்கினேன். ஹாஜரா ஓரத்தில் பூனை மாதிரி பதுங்கியிருந்து வந்தவளின் கணுக்காலைப் பிடித்தாள், பிடி என்றால் உடும்புப் பிடி. அவர்கள் நாலு எடுத்தால் நாங்கள் அஞ்சு. அவர்கள் சும்மா இல்லை, திரும்ப ஏறினார்கள். தொண்டை கட்டிப்போகக் கத்தினேன்.

கடைசிச் சில நிமிடம். வேகமாக வந்த ரைடரை ஹாஜரா பிடித்தாள். அவள் காலின் மேலேயே அந்தப் பெண் விழுந்தாள். ‘மடக்’ என்று ஒரு சத்தம். ஹாஜரா போட்ட அலறலில் மைதானமே எழுந்து நின்றது.

முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்த நர்ஸம்மா அவள் காலைப் பார்த்துவிட்டு, “எலும்பு ஒடிஞ்சிருக்கு. இந்தப் பிள்ளையோட சார் எங்க? யாரு பொறுப்பு?” என்று கேட்டார்.

“அவரு மைதானத்துலதான நிக்கிறாரு!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். பாதிப் பேர் சிரித்தார்கள். சற்று முன்னால் நானும் சிரித்த அதே சிரிப்பு. இப்போது கேட்க எனக்கு உடம்பு கூசியது. ஹாஜரா மண்ணைப் பிறாண்டிக்கொண்டு, “அத்தா, அத்தா” என்று அப்பாவைக் கூப்பிட்டு அழுதாள். வெள்ளைத்துரை அண்ணன்தான் அவளைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வேனில் படுக்க வைத்தார். கூடவே ஏறப்போன ருமானாவை ஹாஜரா பிடித்துத் தள்ளினாள். “நீ போடி! நீயும் வந்துட்டா யாரு பாடுவா? ஜெயிச்சுட்டு வாங்கடி!”

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி ரைடு. ருமானா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இடது கோடியில் ஒருத்தியைக் காலால் தட்டினாள். திரும்புவதற்குள் இன்னொருத்தி அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள். பிடித்தவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மூச்சு விடாமல் பாடிக்கொண்டே, நடுக்கோட்டில் தன் விரல் நுனியை வைத்தாள் ருமானா. இரண்டு புள்ளி! ஜெயித்துவிட்டோம்! நாங்கள் குதித்த குதியில் மண் பறந்தது. கனகா மேடம் ருமானாவின் தோளைத் தட்டி, “காலிறுதிக்கு வாம்மா, ஒன்ன எல்லாரும் பாக்கட்டும்” என்றார்.

ஆட்டம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஹாஜராவுக்கு மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடப் பொறுப்பான பெரியவர் ஒருவர் வேண்டுமாம். சாரின் போன் அணைந்திருந்தது. “நான் டிரைவர்தாங்க, நான் சொன்னாச் செல்லுமா?” என்று வெள்ளைத்துரை அண்ணன் கையைப் பிசைந்தார். மதுரையிலிருந்து ஹாஜராவின் அத்தா சிஹாபுதீன் கடையைப் போட்டது போட்டபடி பஸ் பிடித்து வரும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ருமானா அவள் கையை விடவேயில்லை.

அடுத்த வாரம் கல்லூரியில் பாராட்டு விழா. ‘நேரில் நின்று அணியை வழிநடத்திய’ சிவபாண்டி சாருக்கு ஆளுயர ரோஜா மாலை! பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். மேடை ஏறும் முன் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“முனீஸ்வரி, நான் கூடவே நின்னேன்னு ரெண்டு வார்த்த சொல்லிரும்மா. காலிறுதி இருக்குல்ல? அந்த ருமானா புள்ள வாழ்க்கையும் இருக்குல்ல?”

மைக் முன்னால் போய் நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க என்னிடம் வண்டி வண்டியாக இருந்தது. ஆனால் ருமானாவின் படிப்பு குறுக்கே வந்து நின்றது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ருமானா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

“எங்க சார் அன்னைக்கு வரல. ஊரும் சரியாச் சொல்லல. ஹாஜரா காலு ஒடிஞ்சு கெடந்தப்ப, ஒங்க சார் எங்கன்னு கேட்டாங்க. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க.”

சிறப்பு விருந்தினர் முன்னால் குனிந்தார். “மேனேஜர் இல்லாம ஆடுனா ஒங்க வெற்றி செல்லாது. இதச் சொல்றப்ப அது தெரியுமாம்மா?”

“தெரியும் சார்.”

சிவபாண்டி சார் மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிரின்சிபல் அவரை, “என் ரூமுக்கு வாங்க” என்று கூப்பிட்டார். வெளியே வந்ததும் நான் ருமானாவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

“அடி கூறுகெட்டவளே! இனி ஒன் படிப்பு என்னடி ஆகும்?”

“ஹாஜரா இன்னும் ஒரு வருசம் இங்க ஆடணும்ல, மாப்ள” என்றாள்.