நாலாவது டைனோசர்

என் மகள் தமிழ்நிலா மூன்று வருடமாக என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள். கேட்கிறவர்கள் எல்லாம் நல்ல வளர்ப்பு என்கிறார்கள். அவர்கள் வாயில் ஒரு பிடி மண்ணைப் போட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

எட்டு வயது வரை அவள் என்னை "நீ" என்றுதான் சொல்லுவாள். வாப்பா, போப்பா என்று அதட்டுவாள். பிறகு படிப்புக்காக என் மனைவி வெண்மதி அவளை அழைத்துக்கொண்டு சென்னைக்கு, தன் அப்பா வீட்டுக்குப் போனாள். அங்கேயே ஒரு வேலையும் கிடைத்தது. நான் நிலக்கரி மைன்ஸையும் ஷிஃப்டையும் கட்டிக்கொண்டு நெய்வேலி குவார்ட்டர்ஸில் கிடக்கிறேன். பிரிந்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் வருவது குறைந்தது, அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் போனில் "சாப்பிட்டீங்களாப்பா" வந்து சேர்ந்தது.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவள் வாயால் ஒரு தடவை "நீ" என்று கேட்க வேண்டும்.

போன பங்குனியில் ஒருநாள் போனில் ஏதோ விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். ஜியோகேச்சிங் என்று பெயராம். யாரோ ஒருவர் எங்கோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்ணை மட்டும் கொடுப்பார். போன் மேப்பில் அந்த எண்ணைப் போட்டால் அது வழி காட்டும். டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நம்முடையது ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். அன்றைக்கு அவள் பேசிய அளவுக்கு அந்த வருடம் முழுக்கப் பேசியதில்லை. மே லீவில் இரண்டு நாள் வருவதாக இருந்தாள். இங்கேயே ஒன்று நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவளுக்கு டைனோசர் என்றால் உயிர். பண்ருட்டி கடைத்தெருவில் ஒரு பை பிளாஸ்டிக் டைனோசர் வாங்கினேன். பேரனுக்கா என்று கேட்ட கடைக்காரரை முறைத்துவிட்டு வந்தேன். மைன்ஸில் தோண்டிய மண்ணைக் கொட்டிய மேட்டில் மரம் வைத்துக் காடாக்கியிருக்கிறார்கள். முந்திரி, வேம்பு, தைலமரம். ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களை உள்ளே விடுவார்கள். வாசலில் செக்யூரிட்டி வெள்ளைச்சாமி என் டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு, இத்தனை பல்லி எதுக்கு சார் என்றார். மூன்று டப்பாக்களில் புது டைனோசர்கள். நாலாவது அவளுடைய பழைய மஞ்சள் டிபன் டப்பா. அதற்குள் வால் ஒடிந்த பச்சை டைனோசர், சின்ன வயதில் அவள் கட்டிக்கொண்டு தூங்கியது.

வந்தாள். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். முதல் டப்பா வேப்பமரப் பொந்தில் சுலபமாகக் கிடைத்தது. டைனோசர் மேய்ந்த காடுதான் புதைந்து நம்ம நிலக்கரி ஆனது என்று அதில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தேன். டைனோசரெல்லாம் அழிந்து ரொம்பக் காலம் கழித்துத்தான் இந்த நிலக்கரி உண்டானது என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க என்றும் சேர்த்துக்கொண்டாள். முன்பென்றால் உனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று என் தலையில் தட்டியிருப்பாள். டைனோசரை எடுத்துக்கொண்டு பதிலுக்குத் தன் ஹேர்கிளிப்பை வைத்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்கப்பா" என்றாள், விருந்துக்கு வந்தவள் சாப்பாட்டைப் பாராட்டுகிற மாதிரி.

மூன்றாவது டப்பாவை மூடும்போது வெண்மதி போன் செய்தாள். இவள் எடுத்ததும் தன் அம்மாவிடம், "நீ சாப்ட்டியாம்மா? மாத்திர போட்டியா நீ?" என்றாள்.

அதுவரை எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. சென்னைப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை இப்படித்தான் பேசப் பழக்குகிறது, எல்லாப் பெரியவர்களிடமும் இப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அம்மாவுக்கு "நீ". எனக்கு மட்டும் "நீங்க".

நாலாவது டப்பாவை வைத்த இடத்தில் அது இல்லை. முந்திரிமரம் எல்லாம் ஒரே மாதிரி. போன் ஒரு புதரையே காட்டிக்கொண்டிருந்தது. வைத்தவனுக்கே இடம் தெரியவில்லை. எரிச்சலில் மழை அரித்த பள்ளத்தின் ஓரமாக இறங்கினேன். காலடியில் மண் நழுவியது.

"அப்பா, நீ அங்க போவாத! மண்ணு சரியுது, கால எடு!"

காடே கேட்கிற மாதிரி கத்தினாள். ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அதற்குள் அவள் ஓடிவந்து கையைப் பிடித்து, "விழுந்துடுவீங்கப்பா. சாரி, நீன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"அப்பிடியே கூப்புடேன்மா. நீன்னே சொல்லு" என்றேன்.

அவள் செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்தாள். "சொல்லணும்னு பாக்குறேன். ஆனா வர மாட்டேங்குதுப்பா."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைப்பது போல் துண்டால் மூடிக்கொண்டேன். மறுநாள், கூட்டிப்போக வந்த அவள் தாத்தாவோடு பஸ் ஏற்றிவிட்டேன். போய்ட்டு வரேங்கப்பா என்றாள்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். டப்பா ஒளித்த இடத்தின் எண்ணில் ஒரு இலக்கத்தைத் தப்பாகக் குறித்திருக்கிறேன். மூன்று மரம் தள்ளி, சருகுக்கடியில் மஞ்சள் டப்பா பத்திரமாக இருந்தது. டைனோசரைக் கையில் எடுத்தேன். வீட்டில் வைத்தால் பேச்சுத் துணைக்கு ஆகும் என்று ஒரு நினைப்பு. ஆனால் எடுத்துவிட்டால் அவள் திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது. மறுபடி உள்ளே வைத்து, சருகைத் தள்ளி மூடினேன்.

சாயங்காலம் போன் செய்தாள். டப்பா கிடைத்ததா என்று கேட்டாள்.

"எங்க, தேடிக்கினுதான் இருக்கேன்" என்று புளுகினேன்.

"விடுப்பா, நீ தேடாத. லீவுல நானே வந்து தேடிக்கிறேன்."

தான் "நீ" என்றதை அவள் கவனிக்கவில்லை. என்ன சாப்பிட்டாய், என்ன படித்தாய் என்று எதையாவது கேட்டு அந்தப் போனை இழுத்துக்கொண்டே போவது என் வழக்கம். வாரம் முழுக்க எனக்கு இருக்கிற பேச்சு அது ஒன்றுதான். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் திருத்திச் சொல்லிவிடுவதற்குள் அவசரமாகப் போனை வைத்துவிட்டேன்.