ஏழாம் கேள்விக்கான பதில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, அக்கா என் தலையில் கட்டியது. விண்ணப்பப் படிவம் ஒன்றின் ஏழாம் கேள்விக்கான பதில் இது: "எங்கள் மேகக் கணினிகள் உங்கள் ஆய்வுக்கு ஏன் மறுபடியும் இலவசமாகத் தேவை? சாதாரண மனிதருக்கும் புரியும்படி ஒரு பக்கத்துக்குள் எழுதவும்."

"ஊர்ல இல்லாத கதையெல்லாம் எழுதற. எனக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுக்க மாட்டியா?" என்றாள்.

2

முதல் தொடக்கம்: மேகங்களுக்குள் தவளைகள் பாடும் ஒரு மாலைப் பொழுதில்

[இந்த வரியை அக்கா அடித்துவிட்டாள். மேகக் கணினி என்றால் எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான கணினிகளை இணையம் வழியே இரவல் வாங்குவதாம். அதில் மேகமும் கிடையாது, மாலையும் கிடையாது.]

இரண்டாம் தொடக்கம்: அக்கா தவளை ஆய்வாளர். ஊருக்கு வெளியே உள்ள ஒரு குளத்தைச் சுற்றி ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி, மூன்று வருடமாகத் தவளைகளின் கச்சேரியைச் சேர்த்து வைத்திருக்கிறாள். எந்தக் குரல் எந்த வகைத் தவளை என்று அவளுடைய மடிக்கணினி பிரித்துச் சொல்ல ஒன்பது வருடம் ஆகும். அடுத்த மாதமோ குளத்தை மூடிக் கட்டடம் எழுப்பலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். தவளைப் பட்டியல் இல்லாவிட்டால் குளத்துக்காகப் பேச அவள் கையில் ஒன்றும் இருக்காது.

3

இந்த இடத்தில்தான் என் கதாநாயகி காலை வாருகிறாள். ஏனென்றால் போன மாதமே நீங்கள் அவளுக்குக் கணினிகளைக் கொடுத்தீர்கள். அவையும் ஆறு நாள் மாடாய் உழைத்து முழுப் பட்டியலையும் போட்டு முடித்தன.

ஆனால் அக்கா, பக்கத்து வீட்டு மாடிப்படியில் வீணாக விளக்கு எரிந்தால்கூட ஏறிப்போய் அணைத்துவிட்டு வருபவள்.* அடுத்தவர் பொருளை, அதுவும் இலவசமாகக் கொடுத்ததை, வேலை முடிந்த பிறகும் ஓடவிட மனசு வருமா? முடிந்த நிமிடமே எல்லாவற்றையும் மூடி ஒப்படைத்துவிட்டாள். பட்டியலைத் தன் மடிக்கணினிக்கு இறக்கிக்கொள்ள மறந்துபோனாள். திரும்பி வந்த கணினியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஆய்வாளருக்குக் கொடுப்பீர்களாமே. பட்டியலும் அதோடு போயிற்று.

(* அத்தான் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதும் குளியலறை விளக்கை அணைத்திருக்கிறாள்.)

4

"கணினி பாதியில நின்னுடுச்சுன்னு எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

"பொய் எழுதாதே. அது பாவம், ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது."

"உள்ளதச் சொன்னா யாரு மறுபடி குடுப்பாங்க?"

"நான் அந்தக் கூட்டத்துல போயி என் பட்டியல நம்புங்கன்னு சொல்லணும்டா. அதை வாங்கறதுக்கே பொய் சொன்னேன்னா எந்த முகத்தோட சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதை எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். முதலாவதில் குளம் பிழைக்கிறது. இரண்டாவதில் குளம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் வருகிறது, அங்கே

[முடியவில்லை.]

மூன்றாவது உங்களிடம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்குக் கீழே 'தரலாம்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் போடுவது மட்டும்தான் பாக்கி. தந்தீர்களானால், பட்டியலை இறக்கி முடிக்கும்வரை அக்காவை மடிக்கணினி இருக்கும் அறைக்குள்ளேயே விடமாட்டேன் என்று உறுதி சொல்கிறேன்.

இதோ, அவளே வந்து பின்னால் நிற்கிறாள். "எழுதி முடிச்சாச்சுல்ல? அப்புறம் எதுக்கு இது சும்மா ஓடிட்டிருக்கு?" என்று நான் எழுதிக்கொண்டிருக்கும் கணினியின் சுவிட்சை நோக்கிக் கையை