யாரும் வாங்கக் கூடாத சீட்

விற்பனைக்குப் போட்ட பொருளை யாரும் வாங்கிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு திரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி. கால்பந்து மைதானத்தில் மூலைக்கொடிக்குப் பின்னால், கீழ்வரிசைகளில் ஒன்றில், வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். சீசன் டிக்கெட் என்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கட்டிவிட்டால், சொந்த மைதானத்தில் நடக்கிற எல்லா ஆட்டத்துக்கும் அந்த இடம் நம்முடையது. நான் வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட காலத்திலும், அவன் டவுன் பஸ் ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்ட காலத்திலும், வேறு எதை விட்டாலும் அதை விட்டதில்லை. நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிற ஆட்கள் கிடையாது. அங்கே உட்கார்ந்தால் மட்டும் பேசுவோம். பேச்சென்றால் என்ன, நடுவரைத் திட்டுவதுதான்.

தம்பி குளியலறையில் விழுந்தான். வலது பக்கம் செத்துப்போனது. வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் போட்டதோடு சரி. கை கால் நீட்டி மடக்கிப் பழக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பிறகு அவளும் நின்றுவிட்டாள். அவள் சோம்பேறி, அதனால் நின்றாள் என்று நான் சொன்னேன். அடுத்த சீசனுக்கு அவன் தடி ஊன்றியாவது வந்துவிடுவான் என்றும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சீட்டுக்கு வேட்டு வந்தது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வராமல் இடம் காலியாகவே கிடந்தால், அடுத்த வருஷம் கிளப்காரர்கள் அதைப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுப்பார்களாம். வரமுடியாதவர் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆன்லைனில் மறுவிற்பனைக்குப் போட வேண்டுமாம். விற்காவிட்டால் குற்றமில்லை. போட்டிருந்தால் போதும். இதை எனக்குப் படித்துச் சொன்னவள் தம்பி மகள். பல் ஆஸ்பத்திரியில் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். தாயில்லாத பெண். தகப்பனுக்குக் கஞ்சி ஊட்டுவதும் துணி மாற்றுவதும் அவள்தான். தம்பியின் டிக்கெட் தம்பியின் போனில் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"பெரியப்பா, என்ன விலை போடட்டும்?"

"எவ்வளவு வரைக்கும் போட விடுவான்?"

சொன்னாள். அந்தப் பணத்துக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

"அதையே போடு."

"அப்படிப் போட்டா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"வாங்க வேணாம்னுதானே சொல்றேன்."

"அப்ப எதுக்கு விக்கப் போடணும்?"

"நீதானேம்மா படிச்சே, போட்டாப் போதும்னு? போடு. அவன் இடத்துல வேற எவனும் உக்காரக் கூடாது. இடமும் கைய விட்டுப் போகக் கூடாது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கு மூளை எங்கெங்கயோ போய் வேலை செய்யுது."

"செய்யுதுல்ல? அதோட விடு."

எனக்கு இந்த ஆன்லைன் சமாச்சாரத்தில் நம்பிக்கை கிடையாது. விற்கிறவன் மூஞ்சி வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாங்குகிறவன் மூஞ்சி விற்கிறவனுக்குத் தெரியாது. நடுவில் ஒருத்தன் இரண்டு பக்கமும் கமிஷன் எடுத்துக்கொள்கிறான், அவன் மூஞ்சி யாருக்குமே தெரியாது. ஆனாலும் என் காரியம் நடந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் போட்டாள். யாரும் வாங்கவில்லை. நான் போய் என் சீட்டில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றித் தம்பியின் நாற்காலி முதுகில் மாட்டிவிடுவேன். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவன் யாரும் அதில் சாமான் வைத்துவிடக் கூடாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், தம்பி சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். வழுக்கைத் தலை, தடித்த உடம்பு, மடியில் கடலைப் பொட்டலம்.

"எந்திரி," என்றேன்.

"இது என் சீட்டு, பெரியவரே."

"உன் சீட்டா? எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"திமிரா? இது என் தம்பி இடம். எந்திரிக்கிறியா, ஆளைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. அப்படியே தண்ணி விக்கிறவனையும் கூப்பிடுங்க, தொண்டை காயுது."

மஞ்சள் மேல்சட்டை போட்ட மைதானத்து ஆளைக் கூப்பிட்டேன். அவன் அந்த வழுக்கையின் போனை வாங்கித் தன் கருவியில் காட்டினான். அது பீப் என்றது. "சரியான டிக்கெட்தாங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். அவர்களுக்கு மனுஷன் சொல்வதைவிட பீப்புதான் பெரிசு.

"என்ன விலைக்கு வாங்குனே?" என்று கேட்டேன்.

அவன் சொன்ன விலைக்கு ஒரு வேளை சாப்பாடுகூடச் சரியாக வராது.

"நானே ரெண்டு தடவ பாத்தேன், ஏமாத்து வேலையோன்னு. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன்ங்க நான், மலிவா எது வந்தாலும் சந்தேகப்படுவேன். வித்தவனுக்குக் கைதவறிப் பூஜ்ஜியம் விட்டுப்போச்சோ என்னவோ. கடலை எடுத்துக்கிறீங்களா?"

நான் எடுத்துக்கொள்ளவில்லை. போனைத் தொடுகிறவள் ஒருத்திதான். விலையைக் குறைத்தவள் வேறு யாராக இருக்க முடியும்? அரை ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. இடைவேளை விட்டதும் எழுந்து வெளியே வந்து பஸ் பிடித்தேன்.

தம்பி வீடு மூன்றாவது மாடி. படியேறி மூச்சு வாங்க நின்றபோது அவள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் டிவி சத்தம் கேட்டது.

"விலையக் குறைச்சியா?"

"எந்த விலை?"

"நடிக்காதே. அவன் சீட்டுல ஒரு தடியன் உக்காந்து கடலை தின்னுக்கிட்டிருக்கான்."

"நான் போட்டது எப்பவும் போடற விலை பெரியப்பா. அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல."

"அப்ப அந்த ஆப்பு தானா குறைச்சுக்கிச்சா?"

"ஆமா, உங்க மேல இரக்கப்பட்டுக் குறைச்சிருக்கும்."

"கையில காசு இல்லேன்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே? படுத்துக் கிடக்கற மனுஷன் சீட்ட வித்தா வயித்தக் கழுவணும்?"

அவள் கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகத் தொட்டியில் வைத்தாள். எறிந்திருந்தால் பரவாயில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். "போதும் பெரியப்பா," என்றாள். அவ்வளவுதான்.

அப்போது உள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. தம்பி கட்டில் கம்பியில் தட்டினால் ஆளைக் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். போனேன். மருந்தும் பவுடரும் கலந்த வாடை. தலையணையைச் சுவரோடு சாய்த்து அவனை உட்கார வைத்திருந்தாள். எதிரே டிவியில் நான் பாதியில் விட்டுவந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவள... திட்டாதே," என்றான். ஒவ்வொரு சொல்லையும் அவன் மூட்டை தூக்குகிறவன் மாதிரி தூக்கி வைக்க வேண்டியிருந்தது. "நான்."

"நீ என்ன?"

இடது கையால் போர்வைமேல் கிடந்த போனை எடுத்தான். கட்டைவிரலால் எதையோ தள்ளி, எதையோ அமுக்கி என் பக்கம் திருப்பிக் காட்டினான். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அவன் செய்யத் தெரிந்து செய்திருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

"நீயா குறைச்சே?"

தலையை ஆட்டினான்.

"எதுக்குடா? உன் இடம்டா அது. அத வெச்சிருக்கத்தானே நான் இந்தப் பாடு படறேன்?"

அவன் டிவியைக் கண்ணால் காட்டினான். நின்றுகொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கார்னர் வந்தது, எங்கள் மூலையில். பந்தை வைத்து உதைக்க ஒருத்தன் போனான். காமிரா அவனை எதிரிலிருந்து பிடித்தது. அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தலைகள். நடுவில் அந்த வழுக்கைக்காரன் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

என் இடம்.

அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் அந்த ஓட்டைதான் கண்ணில் பட்டது. பந்தை எங்கே உதைத்தான் என்று நான் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷமாக அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறேன், டிவியில் அது இப்படித் தெரியும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆட்டமென்றால் நாங்கள் அங்கே இருப்போம். வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தவன் யார்?

"பாத்தியா?" என்றான் தம்பி. "நான்... ஒவ்வொரு ஆட்டமும் பாக்கறேன். கார்னர் வந்தா ஊரே கத்தும். நான் கண்ண மூடிக்குவேன்."

"சொல்லியிருக்கலாம்லடா."

"உன் கோட்டு." மூச்சு வாங்கினான். "நாற்காலில மாட்டி வெச்சிருக்கே. டிவில பாத்தா... தலையில்லாத ஆளு உக்காந்திருக்க மாதிரி இருக்கு. அது நான்தான்னு... இருக்கு."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவனுடைய செத்த கை என் தொடைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை நகர்த்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன்.

"அடுத்த வருஷத்துக்கு," என்றான், "என் பேரு... போடாதே."

"சும்மா உளறாதே. நீ எந்திரிச்சு நடப்பே. அந்தப் பயிற்சிக்காரிய மறுபடி வரச்சொல்றேன், இல்லேன்னா வேற ஆளு..."

"அண்ணே. நான் கக்கூசுக்கே நடக்கல."

மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மறுத்து ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடம் போயிடுமேடா. ஒருதடவ விட்டா திரும்பக் கிடைக்காது."

"போகட்டும். நான் இருக்கும்போதே போகட்டும். நான் போனப்புறமும் நீ... கோட்ட மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பே. எனக்குத் தெரியும் உன்ன." வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "பாக்க... சகிக்காது."

அவனோடு நான் தர்க்கம் பண்ணி ஜெயித்ததில்லை. அவன் நன்றாக இருந்தபோதும் இல்லை. ஆட்டம் முடிகிறவரை மூன்று பேரும் பார்த்தோம். மறுபடி ஒரு கார்னர் வந்தது. தம்பி கண்ணை மூடவில்லை, நான்தான் மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது அடுப்படி வாசலில் நின்றேன். "உன்னச் சொன்னது தப்புதான்," என்றேன் அவளிடம்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்," என்றாள். பிறகு, "காலையில கடைக்குப் போற அவசரத்துல நான்தான் அப்பா கைக்கு எட்டுற மாதிரி போன வெச்சேன். என்ன பண்றாருன்னு கேக்கல," என்றாள். அவளுக்குத் தெரியும் என்று அதற்கு அர்த்தமா, தெரியாது என்று அர்த்தமா? நான் கேட்கவில்லை.

புதுப்பிக்கும் நாள் வந்தபோது அவளையே செய்யச் சொன்னேன். என் பேர் மட்டும். தம்பியின் பேரை நீக்குகிற இடத்தில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அமுக்கு," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பிக்கு இடம் இருந்த அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் போனேன். பக்கத்தில் அதே ஃபிரிட்ஜ்காரன். தம்பி மறுபடியும் விலையைக் கீழே இழுத்துவிட்டிருக்கிறான்.

"அடடா, பெரியவரா?" என்றான். "மலிவா இருக்கேன்னு வாங்கிட்டேன். பக்கத்துல நீங்கன்னு அதுல போடலயே."

"போட்டிருந்தா?"

"கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

நான் கோட்டைக் கழற்றவில்லை. புழுக்கமாக இருந்தும் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆட்கள் கேவலமாக ஆடினார்கள். பாதிக்கு மேல் எங்கள் மூலையில் ஒரு கார்னர் வந்தது. எதிரே காமிரா திரும்புவது எனக்குத் தெரிந்தது. முன்னெல்லாம் அதைக் கவனித்ததே இல்லை.

"ஏதாச்சும் பேசு," என்றேன் அவனிடம்.

"என்னது?"

"என் பக்கம் திரும்பி ஏதாச்சும் பேசு. சீக்கிரம்."

"என்னத்தப் பேச? உங்க வீட்டு ஃபிரிட்ஜ் எப்படி இருக்கு?"

"ஓடுது."

"ரப்பர் பாத்தீங்களா, கதவு ரப்பர்? அதுலதான் குளிரெல்லாம் போகும். யாரு பாக்கறாங்க இப்ப?"

"என் தம்பி. வீட்டுல, டிவில."

அவன் உடனே காமிராவைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் பிடித்துக் கீழே இழுத்தேன். "கையெல்லாம் ஆட்டாதே. சும்மா ஆள் மாதிரி உக்காரு. நடுவரத் திட்டு."

அவன் திட்டினான். நானும் திட்டினேன். பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் வெளியே விழுந்தது.

அதற்குப் பிறகு அந்த மூலையில் கார்னரே வரவில்லை.