ஆழ்மனசின் கடைவாய்ப்பல்

ஆழ்மனசுக்குக் கடைவாய்ப்பல் வீங்கிவிட்டது.

ஆழ்மனசு என்பது சின்னவள் தன் அக்கா புருஷனுக்கு வைத்த பட்டப்பெயர். மனிதர் கல்லூரியில் உளவியல் பேராசிரியர். யார் தும்மினாலும் அதற்கு அவர்களுடைய ஐந்து வயதில் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டரான மச்சினியின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். அக்கா வெளியே காத்திருந்தாள்.

"நாளைக்கு ஒரு பெரிய கூட்டத்துல பேசணும்மா. ஆளுமையை ஆழ்மனசு வழியாப் பார்க்கிறது, அதோட பலம், பலவீனம். எப்படியாவது காப்பாத்திடு."

"பலவீனத்தைப் பத்திக்கூடப் பேசுவீங்களா அத்தான்?" என்றபடி சின்னவள் ஊசியைப் போட்டாள். வாய் மூடாமலிருக்கப் பற்களுக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகினாள். பல் மரத்துப்போகக் கொஞ்ச நேரமாகும். இந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தானே இத்தனை நாள் வயிறெரிந்து கிடந்தாள்!

அவளுக்கும் ஒரு இன்ஜினியருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வயதில் ரொம்ப மூத்தவர், அதிர்ந்து பேசாதவர். அவள் உயிராக விரும்பியவர். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அத்தான் அவரிடம் சாவகாசமாகச் சொன்னார்: "இவ சின்ன வயசுலயே அப்பாவை இழந்தவ. இவ தேடுறது புருஷனை இல்ல, அப்பாவை. ஏக்கம் தீர்ந்ததும் உங்களை விட்டுட்டுப் போயிடுவா."

"அப்படியெல்லாம் இல்ல!" என்று சின்னவள் பதறினாள். "பார்த்தீங்களா? இவ்வளவு வேகமா மறுக்கிறாளே, அதுவே அத்தாட்சி," என்றார் அத்தான். அவள் அழுதாள், அதுவும் அத்தாட்சி. வாயை மூடிக்கொண்டாள்; அது அதைவிடப் பெரிய அத்தாட்சி. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துபோன இன்ஜினியர் இன்னமும் யோசித்துக்கொண்டிருந்தார். அத்தான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அவர் திரும்பி வந்துவிடுவார் என்று சின்னவள் இன்றைக்கும் நம்பினாள்.

விளக்கை அத்தான் முகத்துக்கு நேரே இழுத்தாள். "வலி எங்க அத்தான்?"

அவர் விரலால் பல்லைக் காட்டினார்.

"பல்லா? அப்படித்தான் தோணும். உங்க தம்பி பிறந்ததும் அம்மா உங்களை இறக்கிவிட்டுட்டு அவனைத் தூக்கிக்கிட்டாங்க இல்ல? அன்னைக்கு அவனைக் கடிக்க முடியாத கோபம், இன்னைக்குக் கடைவாயில வந்து உட்கார்ந்திருக்கு."

"ஆங்... ஆங்..." என்று தலையை ஆட்டினார்.

"மறுக்கிறீங்க. அப்ப நான் சொன்னது சரி."

கையை உதறினார்.

"கோபம் வேற வருதா? ரொம்ப ரொம்பச் சரி! பல்லை நான் தொடவே வேண்டாம். போய்த் தம்பிகிட்ட மனசு விட்டுப் பேசுங்க, வீக்கம் தானா வத்திடும்."

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கையெடுத்துக் கும்பிட்டார். சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. கட்டையை எடுத்துவிட்டு, அவருடைய போனை நீட்டினாள்.

"இன்ஜினியரைக் கூப்பிட்டு, சொன்னது தப்புன்னு சொல்லுங்க."

"தப்புன்னு எப்படிம்மா சொல்றது?" மரத்த உதடு குழறியது. "நீயே நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அப்பா சாயல் தெரிஞ்சதாலதானே அவரைப் பிடிச்சது?"

சின்னவளுக்கு இன்ஜினியர் கண்ணுக்குள் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பது, பேசுவதற்கு முன்னால் செருமுவது, எல்லாம் அப்பாவேதான். அத்தான், பாவி மனுஷன், பெற்ற அம்மாவுக்கே தெரியாததைக் கண்டுபிடித்திருந்தார்.

"ஆமா, அப்பாவைத்தான் தேடினேன். ஆசை எங்கேயிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சீங்க, சபாஷ். அதுக்காக அது பொய் ஆசை ஆயிடுமா? நான் விட்டுட்டுப் போயிடுவேன்னு எதை வச்சு ஜோசியம் சொன்னீங்க?"

 அத்தான் போனை வாங்கி, இன்ஜினியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "நான் அன்னைக்கு அவளைப் பத்திச் சொன்னது தப்பு சார். அவ உங்களை விட்டுப் போகமாட்டா."

மறுமுனையில் ஒரு செருமல். அப்பாவின் செருமலேதான். சின்னவள் போன் பக்கம் குனிந்தாள்.

"அப்படிங்களா சார்? எதுக்கும் இன்னொரு தடவை நல்லா யோசிச்சு, நீங்களே ஒரு முடிவைச் சொல்லிடுங்க. நீங்க சொல்றபடி செய்றேன்."

இரண்டு குடும்பமும் எதிர்த்து நின்றபோது, யாரையும் கேட்காமல் அம்மாவின் கையைப் பிடித்தவர் அப்பா. சின்னவள் போனைப் பிடுங்கினாள்.

"முடிவை நான் சொல்றேன். வேண்டாம்." அணைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கருவிகளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உடைந்த குரலில் கேட்டாள்: "அவர் எங்கப்பா மாதிரியே இல்லையே அத்தான். அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அழுத்தினாள். "நல்லாக் கடிச்சுக்கங்க. இன்னைக்கு முழுக்கப் பேசக் கூடாது."

வெளியே அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் அழுதிருக்கீங்க? என்னங்க, என்ன செஞ்சீங்க இவளை?"

அத்தான் பஞ்சைக் கடித்தபடி நின்றார்.

"பேசமாட்டேங்கிறார் பாருக்கா," என்றாள் சின்னவள். "அதுவே அத்தாட்சி."